உதயசூரியன் கண்ணில் துடித்த வெளிச்சம்

புதுக்கோட்டையிலிருந்து எட்டு பத்துக்கு ஆலங்குடி கிளம்பும் தனியார் பேருந்தில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் பதினொரு வருடம் உட்கார்ந்து போனவன் நான். ஆலங்குடி தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. அந்தச் சீட்டை யாரும் எனக்கு எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் ராமு, "அது சார் சீட்டு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பான். இந்த மாதிரி மரியாதையை அனுபவித்த ஒருவன் அந்த வண்டியைப் பற்றி முழு நியாயத்தோடு பேசிவிட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டியை ஓட்டியவர் உதயசூரியன். வயது நாற்பத்தேழு, வீடு திருக்கோகர்ணத்தில். அவருடைய அப்பா எந்தக் கட்சி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பெயரே சொல்லிவிடும். மகன் எந்தக் கொடியும் பிடிக்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதிகம் பேசமாட்டார். வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பத்தொன்பது வருட சர்வீசில் ஒரு ஆட்டைக்கூட அடித்ததில்லை என்பது அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அவர் வண்டி வரும்வரை காத்திருந்து ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் வண்டிக்கு ஐந்து நிமிடம் பின்னால் இன்னொரு கம்பெனி வண்டி வரும். ஸ்டாப்பில் நிற்கும் கூட்டம் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குத்தான். பின்வண்டி கொஞ்சம் விரட்டி வந்து முந்திவிட்டால் திருவரங்குளத்துக் கூட்டம் மொத்தமும் அதில் ஏறிவிடும். அதனால் டிரைவருக்கு ரோடு பாதி, வலப்பக்கக் கண்ணாடி பாதி. ராமு பின்படியில் தொங்கிக்கொண்டே "வாரான்ணே" என்று குரல் கொடுப்பான். அந்த ஒரு வார்த்தைக்கு வண்டி எழுந்து ஓடும். ஆபீசுக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று அந்த வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வம்பன் நாலு ரோட்டில், மலையாண்டி என்பவரின் மொபெட்டை எங்கள் வண்டி அடித்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாலு ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி வீடு. கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கடலை, அதுதான் அவர் பிழைப்பு. எங்கள் வண்டிக்கு முன்னால் அதே திசையில் போய்க்கொண்டிருந்தவர், வீட்டுப் பாதைக்கு வலது பக்கம் திரும்பியிருக்கிறார். வண்டி குலுங்கி நின்றபோதுதான் நான் தலையைத் தூக்கினேன். அதுவரை போனில் இருந்தேன். அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

போலீஸ் வந்தது. முன்பக்கம் இருந்த ஏழெட்டுப் பேரிடம் விசாரித்தார்கள். "திடீர்னு குறுக்க வந்துட்டாரு சார்" என்று முதல் ஆள் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். என் முறை வந்தபோது நானும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறோமே என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. டிரைவர் நம் ஆள், நல்ல மனிதர், மொபெட்டில் வருகிறவர்கள் குறுக்கே வரத்தான் செய்வார்கள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டேன். ராமு "வாரான்ணே" என்று கத்தியது என் காதில் விழுந்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மலையாண்டி குறுக்கே வந்தார் என்று சொல்லாதவர் உதயசூரியன் ஒருவர்தான். "நேராத்தான் பாத்தேன், ஆளு தெரியல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, ஆள் தெரியாததற்குக் காரணம் திடீரென்று வந்ததுதான் என்று தானே முடிவு செய்து எழுதிக்கொண்டார்.

உதயசூரியன் ஆஸ்பத்திரியில் மலையாண்டியை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மலையாண்டி தூக்க மருந்தில் இருந்தாராம். அவர் மனைவி மீனம்மாள்தான் இவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரருதான் பாக்காம வந்துட்டாரு தம்பி. நீங்க மனச விட்டுறாதீங்க." அதைக் கேட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி செவந்தி சொன்னாள்.

லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிட்டு, "லைசென்ஸ் கைக்கு வந்ததும் வந்துரு" என்றார். உதயசூரியன் வீட்டில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். அவர் வேலை போய்விடுமோ என்று கவலைப்படவில்லை. அவரை அரித்தது ஒரே கேள்வி. வெட்ட வெளிச்சத்தில், காலை எட்டரை மணிக்கு, முன்னால் போன ஒரு ஆள் ஏன் தன் கண்ணுக்குத் தெரியவில்லை? "ரெண்டு மூணு செகண்டு எனக்கு ஞாபகத்துலயே இல்ல சார்" என்பார். அந்த மூன்று விநாடியில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மறுபடியும் அந்தச் சீட்டில் உட்கார முடியும் என்றும் சொன்னார்.

செவந்தியின் தம்பி வெற்றிசெல்வன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்தால் விளையாட என்று அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கூடவே மேசையில் பிடித்து முறுக்கிவைக்கும் சின்ன ஸ்டியரிங்கும் காலுக்குப் பெடல்களும். "சும்மா இருந்தா மண்ட காயும் மச்சான், இத ஓட்டிப் பாருங்க" என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். அது பஸ் ஓட்டும் விளையாட்டு. ரோடு எந்த நாட்டு ரோடோ தெரியாது, பஸ் மட்டும் நம் ஊர் பஸ். நம் பையன்கள் உட்கார்ந்து இங்குள்ள தனியார் வண்டிகளின் பெயிண்ட், முன்கண்ணாடியில் எழுதிய சாமி பெயர், ஏர் ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் அப்படியே செய்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். உதயசூரியன் ஓட்டிய வண்டியும் அதில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த கீறல்கூட விட்டுப்போகவில்லை.

முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டியரிங் பாயசக் கிண்ணம் அளவு இருக்கிறது, கிளட்சில் உயிரே இல்லை என்றார். ஒரு வாரத்தில் காலைச் சாப்பாடு முடிந்ததும் மாடிக்குப் போய்விடுகிறவராக ஆகிவிட்டார். செவந்தி கீழே இருந்து கேட்டால் மேலே ஹாரன் சத்தம் வரும். அவளுக்கு அதில் நிம்மதிதான். பழைய மானிட்டர் ஐப்பசியில் கெட்டுப்போனது. தீபாவளிக்கு என்று வெற்றிசெல்வன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு ஒரு புது மானிட்டரை வீட்டுக்கு வரவைத்தார். இருபத்தேழு இன்ச், லேசாக உள்ளே வளைந்தது, விளையாட்டுக்கென்றே செய்தது. அதில் ஒரு வசதி இருக்கிறது, அதை ஆன் பண்ணினால் படம் வெட்டி வெட்டி வராமல் தண்ணீராக ஓடும் என்று போனில் சொல்லி ஆன் பண்ணவும் வைத்தார். உண்மையாகவே ஓடியது. நானே பார்த்தேன். வளைவில் வண்டி திரும்பும்போது தென்னை மரங்கள் துளி உதறல் இல்லாமல் நகர்ந்தன.

பத்து நாள் கழித்துப் போனபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. "சார், இங்க உக்காருங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுக்குள்ள போவேன். இருட்டா இருக்குல்ல, அந்தக் கூரைக்குக் கீழ, அங்க பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பார்த்தேன். வண்டி கூரைக்குக் கீழே போய் நின்றது. "வெளிச்சம் துடிக்குதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன். செவந்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லாத்தானே இருக்கு" என்றாள் அவள். ராமு ஒருநாள் வந்தபோது அவனுக்கும் காட்டியிருக்கிறார். அவனும் அதையேதான் சொன்னான்.

அவர் சொன்னது இதுதான். இருட்டான இடம் வரும்போது திரை முழுக்க வெளிச்சம் குறைந்து குறைந்து ஏறுகிறது. விநாடியில் பல தடவை. எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும். பஸ் ஸ்டாண்டுக்குள் போகும்போது, மரத்தடியில் போகும்போது, அடுத்த ரோடு வருவதற்குக் காத்திருக்கும் சாம்பல் நிறத் திரையில். எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்கு மட்டும் தெரிகிறது என்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம் என்று எங்களுக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படியேதான் தோன்றியது.

"கண்ணு விட்டு விட்டு அணையுது சார். அன்னைக்கும் அப்படித்தான் அணைஞ்சிருக்கும். வம்பன் நாலு ரோட்டுல வலது பக்கம் புளியமரம் நிக்கிது. அந்த நெழல்ல போறப்ப அணைஞ்சிருக்கும்." இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை. நாலு மாதமாகத் தேடிய சாவி கிடைத்த மாதிரி இருந்தார். கண் போனால் ஸ்டியரிங் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த மூன்று விநாடிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. நானும் மனமாரச் சந்தோஷப்பட்டேன். என் கையெழுத்துக்கும் அது வசதியாக இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, கருவியில் முகவாயைப் பதிக்கச் சொல்லி, எல்லாம் பார்த்தார்கள். கண் நன்றாக இருக்கிறது, பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். கண் நன்றாக இருக்கிறது என்று கேட்டு மனம் உடைந்து வெளியே வந்த ஆள் அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். "மிஷினுக்கு முன்னாடி உக்காந்தா அணைய மாட்டேங்குது சார். ஓடுற வண்டியில இருந்தாத்தான் அணையும் போல" என்றார். திருச்சிக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்த்தார். அவரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். படித்தவர்கள் இரண்டு பேர் சொன்னதைவிட, மாடி அறையில் தன் கண்ணால் பார்ப்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்ததை நம்புகிறவன்தான் டிரைவர்.

மார்கழி பிறந்ததும் ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். "கண்ணு செல நேரம் அணையுதுங்க. அறுபது பேர ஏத்திக்கிட்டு இந்தக் கண்ண நம்பி ஓட்டக்கூடாது. லைசென்ஸ் வந்தாலும் எனக்கு ஸ்டியரிங் வேணாம். ஷெட்டுல ஏதாவது வேல இருந்தாக் குடுங்க." முதலாளி எழுந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தாராம். விஷயம் தடம் முழுக்கப் பரவியது. எப்பேர்ப்பட்ட மனிதர், தானாக இறங்கிக்கொண்டார் பாருங்கள் என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் ஆபீசில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வெற்றிசெல்வன் சிங்கப்பூரிலிருந்து வந்தார். அன்று மாலை நானும் அங்கே இருந்தேன். மாடி ஏறியதும் ஆசையாக மானிட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டுங்க மச்சான், பாப்போம்" என்றார். உதயசூரியன் ஓட்டினார். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. வெற்றிசெல்வன் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மச்சான், இந்தத் துடி துடிக்குது. எப்படி இத இத்தன நாளு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

உதயசூரியன் பிரேக்கை மிதித்தார். திரையில் வண்டி நின்றது. "ஒனக்குத் தெரியுதா மாப்ள?" என்றார்.

"தெரியாம என்ன. இது இந்த மானிட்டரோட கொணம். நாந்தான் ஆன் பண்ணச் சொன்னேன், தப்பு என் பேருல." அவர் விளக்கினார். கம்ப்யூட்டர் விநாடிக்கு எத்தனை படம் தருகிறதோ, அந்த வேகத்துக்கு மானிட்டரும் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் அந்த வசதி. கம்ப்யூட்டர் பழசு. வெட்டவெளி ரோட்டில் விநாடிக்கு எண்பது படம் தரும், பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் சாமான் இருப்பதால் நாற்பதுக்கு இறங்கிவிடும். அப்படி ஏறி இறங்கும்போது இந்த வகை மானிட்டரில் வெளிச்சமும் சேர்ந்து ஏறி இறங்கும். இருட்டான இடத்தில்தான் நன்றாகத் தெரியும். "செல பேரு கண்ணுக்குத்தான் இது புடிபடும் மச்சான். எனக்குப் புடிபடும், ஒங்களுக்கும் புடிபடுது. அக்காவுக்குப் புடிபடாது. ஒங்க கண்ணு ரொம்ப நல்ல கண்ணு."

நெட்டில் தேடி எடுத்துப் போனை என்னிடம் கொடுத்தார். இதே வகை மானிட்டர் வாங்கியவர்கள் எழுதியது பக்கம் பக்கமாக இருந்தது. பிறகு ஆபீசிலும் உட்கார்ந்து படித்தேன். ஒருவர் மூன்று தடவை மாற்றி வாங்கியிருக்கிறார், மூன்றும் துடித்திருக்கிறது. ஒருவர் வீட்டு வயரிங் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டார். ஒருவர் தலைவலி மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறார். சரிபாதிப் பேர், எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே, இதெல்லாம் உங்கள் பிரமை என்று அவர்களைக் கேலி செய்திருந்தார்கள். அந்தக் கேலிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நானும் அதே கட்சிதானே என்று ஞாபகம் வந்தது.

வெற்றிசெல்வன் மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொத்தானை அழுத்தி, அந்த வசதியை அணைத்தார். "இப்ப ஓட்டுங்க."

உதயசூரியன் ஓட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடியும் போனார். படம் கொஞ்சம் வெட்டியது, வெளிச்சம் துடிக்கவில்லை. கீழே இருந்து வந்த செவந்தி விஷயத்தைக் கேட்டு, "அப்ப கண்ணுல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். தம்பியின் கன்னத்தை வழித்து நெற்றியில் விரலை முறித்தாள். நானும் ஏதோ வாழ்த்துச் சொன்னேன். உதயசூரியன் ஓட்டிக்கொண்டே இருந்தார். வண்டி ஊரை விட்டு நேர் ரோட்டுக்கு வந்தது. திரையில் இருந்த வலப்பக்கக் கண்ணாடியில், பின்னால் ஏதோ ஒரு பஸ் வந்துகொண்டிருப்பது தெரிந்தது. கம்ப்யூட்டர் தானாக ஓட்டும் பஸ், அதற்கு ஆள் ஏற்றவும் தெரியாது, முந்தவும் தெரியாது.

"மச்சான், ரோட்டப் பாருங்க" என்று வெற்றிசெல்வன் சிரித்தார். "எதுக்கு அந்தக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு வர்றீங்க? அது ஒண்ணும் ஒங்கள முந்தாது."

உதயசூரியன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். திரையில் வண்டி தானாக நகர்ந்து ரோட்டோரத்தில் இறங்கி நின்றது. "எவ்வளவு நேரமாப் பாக்குறேன்?" என்று கேட்டார். "நானும் பாக்குறேன், பாதி நேரம் அங்கதான் பாக்குறீங்க" என்றார் வெற்றிசெல்வன், அதன் அர்த்தம் தெரியாமல். உதயசூரியன் எழுந்து கீழே போனார். பொங்கல் முடியும்வரை மாடிக்கு வரவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். லைசென்ஸ் முந்தின வாரம் கைக்கு வந்திருந்தது.

"கண்ணு அணையல சார். பின்னாடி வண்டியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ராமு கொரல் குடுத்தான், நான் கண்ணாடியப் பாத்தேன். அந்த மூணு செகண்டு அதான்" என்றார். "மலையாண்டி அண்ணன் வீட்டுக்குப் போகணும். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்கல்ல, வாங்க."

ஒரு காரணம் சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வேலை இருக்கிறது என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. வெட்கமாக இருந்ததால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிற்பாடு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனதும், ஏட்டு எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்ததும், நான் என் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்ததும், முதலாளி அவர் தோளில் இந்தத் தடவை தட்டாததும் வேறு கதை. முதலில் போனது மலையாண்டி வீட்டுக்குத்தான்.

நாலு ரோட்டில் இறங்கி நடந்தோம். மலையாண்டி வாசலில் கயிற்றுக் கட்டிலில் வலது காலை நீட்டி உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று கடலைத் தட்டை நகர்த்தி இடம் விட்டார். உதயசூரியன் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் ரோட்டப் பாக்கல. பின்னாடி வந்த வண்டியக் கண்ணாடியில பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க குறுக்க வரல. தப்பு என் பேருல."

மலையாண்டி கையிலிருந்த கடலையை உடைத்துப் பருப்பைத் தட்டில் போட்டார்.

"தெரியும் தம்பி. கை காட்டிட்டுத்தான் திரும்புனேன். திரும்புறப்ப ஒங்களப் பாத்தேன். ஒங்க மொகம் அங்கிட்டு இருந்துச்சு."

"பெறகு ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?"

"எல்லாரும் நான்தான் குறுக்க வந்தேன்னு சொன்னாங்க. பஸ்சுல இருந்த படிச்சவங்களே பாத்தோம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். அத்தன பேரும் பொய் சொல்லுவாங்களா? நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் யார் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவன் என்றும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குள் திரும்பி, "மீனம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். பிறகு உதயசூரியனிடம், "இப்ப என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க தம்பி" என்றார்.

மீனம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றாள். உதயசூரியனை அடையாளம் தெரிந்துகொண்டு, நிற்க வேண்டாம் உட்காருங்கள் என்று உபசாரம் சொன்னாள். அவர் நின்றபடியே முதலிலிருந்து சொன்னார். ராமு கூப்பிட்டது, கண்ணாடியைப் பார்த்தது, மலையாண்டி கை காட்டியது, தான் அதைப் பார்க்காதது. எதையும் விடவில்லை. அவள் முழுவதும் கேட்டாள். முடிந்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது.

"ஏங்க, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றார் மலையாண்டி. "ஆசுபத்திரியில மயக்கம் தெளிஞ்சதும் மொத வார்த்த அதத்தான் சொன்னேன். நீதான், வயசாகிக் கண்ணு தெரியாமப் போயி விழுந்துட்டு அடுத்தவன் மேல பழி போடாதீங்கன்னு சொன்ன."